எந்த ட்ரிகர் இந்த புரொசீஜரைக் கூப்பிடுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஸ்டோர்ட் புரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லி ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) கை வைப்பதற்கு முன், அதை எந்தெந்த ட்ரிகர்கள் கூப்பிடுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் கீழே இருக்கின்றன. பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரைப் பற்றியது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் மூன்றும் பின்னால் வருகின்றன. உதாரணம் முழுக்க ஒரே புரொசீஜர்தான்: டிபிஓ ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது டேபிள், புரொசீஜர் போன்றவற்றைப் பிரித்து வைக்கும் தொகுதி) உள்ள அப்டேட்_ஸ்டாக். விற்ற சரக்கை இருப்பிலிருந்து கழிப்பது அதன் வேலை. கட்டளைகளையும் வியூக்களின் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கோடும் புள்ளியும் அதனதன் இடத்திலேயே இருப்பதால் ஒலியைப் பின்பற்றி அடித்தால் போதும்.

அப்ளிகேஷன் கோடில் தேடினால் போதாதா?

போதாது. ட்ரிகரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. டேபிளில் ஒரு வரி நுழைந்தாலோ, மாறினாலோ, அழிந்தாலோ அது தானாக ஓடும். ஜாவா கோடிலும் டாட்நெட் கோடிலும் எத்தனை முறை தேடினாலும், ட்ரிகருக்குள் இருக்கும் அந்த ஒரு எக்ஸெக் (புரொசீஜரைக் கூப்பிடும் கட்டளை) வரி கண்ணில் படாது.

மருந்து மொத்த விற்பனை செய்யும் ஓரிடத்தில் நான் வேலை பார்த்தபோது, இதே மாதிரி ஒரு புரொசீஜரில் கிடங்கு எண் என்று ஒரு பாராமீட்டரைக் கூடுதலாகச் சேர்த்தேன். கோடு முழுக்கத் தேடி, அதைக் கூப்பிடும் எல்லா இடங்களையும் மாற்றினேன். சோதனைச் சர்வரில் எல்லாம் சரியாக ஓடியது. மறுநாள் காலையில் கவுன்டரில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை. பில் வரிகள் சேரும் டேபிளில் ஒரு ட்ரிகர் இருந்தது. அது பழைய முறையில் இரண்டே பாராமீட்டர்களோடு அந்த புரொசீஜரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சோதனைச் சர்வரில் பழைய தரவை ஏற்றியபோது யாரோ அந்த ட்ரிகரை முடக்கியிருந்தார்கள், திரும்ப இயக்கவில்லை. அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பாராமீட்டர் தரப்படவில்லை என்றால் எஸ்கியூஎல் சர்வர் 201 என்ற பிழையைத் தரும். சாதாரண இடத்தில் அந்தப் பிழை அந்த ஒரு கட்டளையோடு முடிந்துவிடும். ட்ரிகருக்குள் கதை வேறு. அங்கே எக்ஸாக்ட்_அபார்ட் என்ற அமைப்பு, நாம் சொல்லாமலேயே இயக்கத்தில் இருக்கும். அதனால் ட்ரிகரோ அது கூப்பிட்ட புரொசீஜரோ தடுக்கினால் மொத்த டிரான்சாக்‌ஷனும் ரத்தாகிவிடும். பில்லின் தலைப்பு, வரிகள், டாக்ஸ் கணக்கு எல்லாமே போய்விடும். இருப்புக் கழிப்பதில் வந்த கோளாறு, பில்லே போட முடியாத கோளாறாக மாறுவது இப்படித்தான்.

சரி, முதலில் எங்கே பார்ப்பது?

சிஸ்.எஸ்கியூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபென்டன்சிஸ் என்ற சிஸ்டம் வியூவில் (சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களை டேபிள் போலக் காட்டும் இடம்). 2008 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. எந்தப் பொருள் (டேபிள், ட்ரிகர், புரொசீஜர் போன்ற ஆப்ஜெக்ட்) எந்தப் பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதை இது வரிவரியாக வைத்திருக்கிறது. சிஸ்.ட்ரிகர்ஸ் வியூவோடு இணைத்துவிட்டால் ட்ரிகர்கள் மட்டும் வரும்:

செலக்ட் டி.நேம், ஆப்ஜெக்ட்_நேம்(டி.பேரன்ட்_ஐடி), டி.இஸ்_டிசேபிள்டு
ஃப்ரம் சிஸ்.எஸ்கியூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபென்டன்சிஸ் இ
ஜாயின் சிஸ்.ட்ரிகர்ஸ் டி ஆன் டி.ஆப்ஜெக்ட்_ஐடி = இ.ரெஃபரன்ஸிங்_ஐடி
வேர் இ.ரெஃபரன்ஸ்டு_என்டிட்டி_நேம் = 'அப்டேட்_ஸ்டாக்'

முடிவின் முதல் பத்தியில் (நெடுவரிசையில்) ட்ரிகரின் பெயர், அடுத்ததில் அது உட்கார்ந்திருக்கும் டேபிள், மூன்றாவதில் அது முடக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரம் கிடைக்கும். மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதற்கு மேலே சொன்ன அனுபவமே போதும்.

இதே வேலைக்கு சிஸ்.டிஎம்_எஸ்கியூஎல்_ரெஃபரன்ஸிங்_என்டிட்டிஸ் என்ற ஃபங்ஷனும் உண்டு. புரொசீஜரின் பெயரை ஸ்கீமாவோடு கொடுத்தால், அதைக் குறிப்பிடுகிறவற்றைப் பட்டியலிடும். வேறு டேபிள்களோடு இணைத்துக் கேட்க வியூதான் எனக்கு வசதி.

பெயரை வைத்து ஏன் தேட வேண்டும்? ரெஃபரன்ஸ்டு_ஐடி என்று ஒரு பத்தி இருக்கிறதே, ஆப்ஜெக்ட் ஐடியை வைத்து இணைத்தால் இன்னும் துல்லியமாக வராதா?

பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். வெறும் முடிவு வந்ததும் 'எந்த ட்ரிகரும் இல்லை' என்று நம்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது என்று நினைக்கிறேன்.

ட்ரிகருக்குள் 'எக்ஸெக் அப்டேட்_ஸ்டாக்' என்று ஸ்கீமா பெயர் இல்லாமல் எழுதியிருந்தால், அது எந்த ஸ்கீமாவின் புரொசீஜர் என்பது ஓடும் நேரத்தில்தான் முடிவாகும். கூப்பிடுகிறவரைப் பொறுத்து அது மாறலாம். ஆகவே சர்வர் அந்த வரியில் இஸ்_காலர்_டிபென்டன்ட் பத்தியில் 1 என்று குறித்துவிட்டு, ரெஃபரன்ஸ்டு_ஐடியை நல் என்று காலியாக விடும். ஐடியை வைத்து இணைத்தால் அந்த வரி நழுவிவிடும். பழைய கோடில் ஸ்கீமா பெயர் போடாமல் எழுதும் வழக்கம் அதிகம் என்பதால், நழுவுவது ஒன்றிரண்டோடு நிற்காது. வேறு டேட்டாபேஸில் இருக்கும் பொருளைக் குறிக்கும் வரிகளிலும் அந்த ஐடி காலியாகத்தான் இருக்கும்.

பெயரை வைத்துத் தேடுங்கள். அதே பெயரில் இரண்டு ஸ்கீமாக்களில் புரொசீஜர் இருந்தால், கிடைத்த ட்ரிகர்களைத் திறந்து பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு கூடுதலாக வந்தால் நேரம்தான் போகும். ஒன்று குறைந்தால் கவுன்டரில் பில் நின்றுவிடும்.

இந்த வியூ சொல்வது முழுப் பட்டியல்தானா?

இல்லை. பெயர் வெளிப்படையாக எழுதப்பட்ட இடங்களை மட்டுமே அது அறியும். ஒரு சரத்துக்குள் (ஸ்ட்ரிங்) கட்டளையை ஒட்டிச் சேர்த்து, எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்கியூஎல் வழியாக ஓட்டினால் அதற்குத் தெரியாது. டாட்நெட்டில் எழுதி அசெம்பிளியாக ஏற்றப்பட்ட சிஎல்ஆர் ட்ரிகருக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. அத்தகைய ட்ரிகர்களுக்கு சிஸ்.ட்ரிகர்ஸ் வியூவின் டைப் பத்தியில் டிஏ என்று இருக்கும், வழக்கமானவற்றுக்கு டிஆர். டிஏ ஏதாவது இருந்தால் அதன் மூலக் கோடைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

அனுமதியையும் பார்க்க வேண்டும். இந்த வியூவைப் படிக்க டேட்டாபேஸ் அளவில் வியூ டெஃபனிஷன் அனுமதி வேண்டும். அதோடு வியூவின் மேலேயே செலக்ட் அனுமதியும் வேண்டும். இயல்பாக அது டிபி_ஓனருக்கு மட்டுமே உண்டு. கோடைச் சேமிக்கும் மற்ற சிஸ்டம் வியூக்களில் அனுமதி இல்லாதவர் கேட்டால் பிழைச்செய்தி வராது. வரிகள் வராமல் போகும், அல்லது உரை இருக்க வேண்டிய இடம் நல் என்று காலியாக வரும். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று யாராவது சொன்னால், எந்த லாகினில் ஓட்டினார் என்பதுதான் என் முதல் கேள்வி. ஹேஸ்_பெர்ம்ஸ்_பை_நேம் ஃபங்ஷனைக் கொண்டு அனுமதியைச் சோதித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கோடின் உரையிலேயே தேடுவது எப்படி?

சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸ் வியூவில் டெஃபனிஷன் என்ற பத்தி இருக்கிறது. ட்ரிகர், புரொசீஜர், ஃபங்ஷன், வியூ எல்லாவற்றின் முழு உரையும், எவ்வளவு நீளமானாலும், அதில் இருக்கும். சிஸ்.ட்ரிகர்ஸோடு ஆப்ஜெக்ட்_ஐடியில் இணைத்து, டெஃபனிஷன் லைக் '%அப்டேட்_ஸ்டாக்%' என்று கேட்டால் ஆயிற்று.

ஆனால் லைக் தேடலில் சில குழிகள் இருக்கின்றன. முதலாவது அடிக்கோடு. லைக்குக்கு அடிக்கோடு என்பது 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள். அப்டேட்1ஸ்டாக் என்று ஒன்று இருந்தால் அதுவும் மாட்டும். அடிக்கோட்டைச் சதுர அடைப்புக்குள் வைத்தோ, எஸ்கேப் எழுத்து ஒன்றைச் சொல்லியோ இதைத் தவிர்க்கலாம். இரண்டாவது, அப்டேட்_ஸ்டாக்_ஹிஸ்டரி என்ற இன்னொரு புரொசீஜர் இருந்தால் அதைக் கூப்பிடுகிறவையும் வந்துவிடும். மூன்றாவது, கமெண்ட். 'முன்பு அப்டேட்_ஸ்டாக் இருந்தது, நீக்கிவிட்டோம்' என்று ஒருவர் எழுதி வைத்த குறிப்பும் விடையாக வந்து நிற்கும். இவை மூன்றும் தேவைக்கு மேல் பிடிக்கும் குழிகள் என்பதால் ஆபத்து குறைவு.

தேவையானதை விட்டுவிடும் குழிகளைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் 'டிபிஓ.அப்டேட்_ஸ்டாக்' என்று ஸ்கீமாவோடு தேடினால், கோடில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே சதுர அடைப்பு போட்டு எழுதியிருப்பது மாட்டாது. எக்ஸெக் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால், எக்ஸிகியூட் என்று முழுதாக எழுதியவையும், நடுவே இரண்டு இடைவெளி விட்டவையும் நழுவும். டேட்டாபேஸின் கொலேஷன் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் அதனாலும் சில நழுவலாம். எல்லாவற்றையும் லோயர் ஃபங்ஷனால் சிறிய எழுத்தாக்கித் தேடுங்கள். சுருக்கமான, தனித்துத் தெரியும் துண்டை மட்டும் தேடிவிட்டு, வந்தவற்றைக் கண்ணால் படித்து வடிகட்டுவதே என் வழக்கம். சரத்தை ஒட்டிச் சேர்க்கும் கோடில்கூடப் பெயரின் ஏதாவது ஒரு துண்டு பெரும்பாலும் முழுதாக இருக்கும். 'அப்டேட்_' தனி, 'ஸ்டாக்' தனி என்று உடைத்து எழுதியிருந்தால் 'ஸ்டாக்' என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரொட்டீன்ஸ், சிஸ்கமெண்ட்ஸ் இவற்றில் தேடலாமா?

வேண்டாம். முதலாவதில் ட்ரிகர்களே கிடையாது. புரொசீஜரும் ஃபங்ஷனும் மட்டும்தான். அதிலும் உரையின் முதல் 4000 எழுத்துகளோடு நின்றுவிடும். சிஸ்கமெண்ட்ஸில் ட்ரிகர்கள் உண்டு, ஆனால் நீண்ட உரை 4000 எழுத்துகளாக வெட்டப்பட்டுப் பல வரிகளில் கிடக்கும். வெட்டு நீங்கள் தேடும் பெயரின் நடுவில் விழுந்தால் எந்த வரியிலும் அது கிடைக்காது.

எஸ்பி_டிபென்ட்ஸ்?

பழையது; இனிமேல் வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே ஒதுக்கிவிட்டது. அது ஐடியை நம்பி இயங்கியது. ட்ரிகர் முதலில் உருவாகி, அது கூப்பிடும் புரொசீஜர் பிறகு வந்திருந்தால் அந்த உறவு பதிவாகியிருக்காது. புரொசீஜரை டிராப் செய்து மறுபடி உருவாக்கினாலும் பதிவு போய்விடும்.

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் புரொசீஜர் மேல் வலது கிளிக் செய்து வியூ டிபென்டன்சிஸ் பார்த்தால்?

சட்டென்று ஒரு பார்வைக்கு நல்லது. சரத்துக்குள் ஒளிந்திருக்கும் அழைப்புகளை அதுவும் காட்டாது.

ட்ரிகர் வித் என்க்ரிப்ஷன் என்று உருவாக்கப்பட்டிருக்கிறது. உரை தெரியவில்லை. என்ன செய்ய?

டெஃபனிஷன் பத்தி நல் என்று வரும். லைக் தேடல் அதைத் தாண்டிப் போய்விடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. ஆகவே தேடலை முடிப்பதற்கு முன், டெஃபனிஷன் நல் என்று இருக்கும் ட்ரிகர்கள் எத்தனை என்று தனியாக ஒரு முறை கேளுங்கள். அவற்றின் மூலக் கோடு எழுதியவரிடமோ, மென்பொருளை விற்றவரிடமோ இருக்கும். கேட்டு வாங்குவதுதான் முறையான வழி. அதுவரை அந்த ட்ரிகர்கள் இருக்கும் டேபிள்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, பின்னால் சொல்லியிருக்கும் ஓட்டச் சோதனையை (எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் கொண்டு ஓடும்போதே பார்ப்பது) செய்யுங்கள்.

ட்ரிகர் நேரடியாகக் கூப்பிடாமல், வேறு ஒரு புரொசீஜர் வழியாகக் கூப்பிட்டால்?

நிஜத்தில் அதிகம் பார்ப்பது இதுதான். ட்ரிகர் 'பில்_முடி' என்ற புரொசீஜரைக் கூப்பிடும், அது அப்டேட்_ஸ்டாக்கைக் கூப்பிடும். மேலே தந்த செலக்ட் கட்டளையில் ட்ரிகரின் பெயரே வராது. அதனால் தேடலை ஒரு படியோடு நிறுத்தக் கூடாது. அப்டேட்_ஸ்டாக்கைக் குறிப்பிடும் எல்லாவற்றையும் எடுத்து, அவை ஒவ்வொன்றையும் குறிப்பிடுகிறவற்றை எடுத்து, புதிதாக ஒன்றும் வராதவரை மேலேறிப் போக வேண்டும். தன்னைத் தானே அழைக்கும் சிடிஇ (ஒரு கட்டளைக்குள் பெயர் வைத்து எழுதும் தற்காலிக முடிவு) ஒன்றில் இதை எழுதிவிடலாம். ஒன்றையொன்று மாறி மாறிக் கூப்பிடும் புரொசீஜர்கள் இருந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்கியூஎல் சர்வரில் அழைப்புக்குள் அழைப்பு 32 நிலைகள் வரைதான் போகும், எனவே நீங்களும் 32-இல் எல்லை கட்டிவிடலாம்.

சினோனிம் (ஒரு பொருளுக்கு வைக்கும் மாற்றுப் பெயர்) இன்னொரு மறைவிடம். ட்ரிகர் 'ஸ்டாக்_கழி' என்ற சினோனிமைக் கூப்பிடுகிறது, அதற்குப் பின்னால் இருப்பது அப்டேட்_ஸ்டாக் என்றால், அசல் பெயரை வைத்துச் செய்யும் இரண்டு தேடல்களும் வெறுங்கையோடு திரும்பும். சிஸ்.சினோனிம்ஸில் பேஸ்_ஆப்ஜெக்ட்_நேம் பத்தியைப் பார்த்து, சினோனிம் இருந்தால் அந்தப் பெயருக்கும் முழுத் தேடலைச் செய்யுங்கள்.

இவற்றையெல்லாம்விடச் சிக்கலானது டேபிள் வழியாக நீளும் சங்கிலி. ஒரு டேபிளின் ட்ரிகர் இன்னொரு டேபிளில் வரி சேர்க்கிறது. அந்த டேபிளின் ட்ரிகர்தான் புரொசீஜரைக் கூப்பிடுகிறது. இரண்டாவது ட்ரிகரை நாம் கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் முதல் டேபிளில் வேலை செய்கிறவருக்கும் இந்த மாற்றம் தொடும் என்பது யாருக்கும் தோன்றாது. சர்வரின் நெஸ்டெட் ட்ரிகர்ஸ் அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால் இந்தச் சங்கிலி ஓடத்தான் செய்யும். கிடைத்த ஒவ்வொரு ட்ரிகருக்கும், அது உட்கார்ந்திருக்கும் டேபிளில் யார் யார் எழுதுகிறார்கள் என்று அதே டிபென்டன்சி வியூவில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வேறு டேட்டாபேஸில் உள்ள ட்ரிகர் கூப்பிட்டால் தெரியுமா?

புரொசீஜர் இருக்கும் டேட்டாபேஸில் நின்று கேட்டால் தெரியாது. அந்தப் பதிவு, கூப்பிடுகிறவரின் டேட்டாபேஸில்தான் இருக்கும். அங்கே ரெஃபரன்ஸ்டு_டேட்டாபேஸ்_நேம் பத்தியில் உங்கள் டேட்டாபேஸின் பெயர் வரும். சர்வரில் உள்ள ஒவ்வொரு டேட்டாபேஸிலும் அதே செலக்ட் கட்டளையை ஓட்ட வேண்டும். லிங்க்டு சர்வர் வழியாக வேறு சர்வர்களும் பேசினால், அங்கேயும் போய்க் கேட்க வேண்டியதுதான்.

டேபிளில் இல்லாத ட்ரிகர்களும் உண்டாமே?

உண்டு. டேபிளை உருவாக்குதல், நீக்குதல் போன்ற செயல்களுக்கு ஓடும் டிடிஎல் ட்ரிகர்கள் சிஸ்.ட்ரிகர்ஸிலேயே, பேரன்ட்_கிளாஸ் 0 என்று இருக்கும். அவற்றுக்கு டேபிள் பெயர் வராது. பேரன்ட் டேபிளோடு இன்னர் ஜாயின் செய்து எழுதினால் இவை விழுந்துவிடும் என்பதால்தான் மேலே ஆப்ஜெக்ட்_நேம் ஃபங்ஷனைப் பயன்படுத்தினேன். சர்வர் முழுவதற்குமான ட்ரிகர்களும் லாகான் ட்ரிகர்களும் வேறு இடத்தில் இருக்கின்றன: பெயர்கள் சிஸ்.சர்வர்_ட்ரிகர்ஸில், உரை சிஸ்.சர்வர்_எஸ்கியூஎல்_மாட்யூல்ஸில். லாகான் ட்ரிகர் கூப்பிடும் புரொசீஜரை உடைத்துவிட்டால் யாரும் சர்வருக்குள் நுழைய முடியாமல் போகலாம். நிர்வாகிக்கென்று தனியாக உள்ள டிஏசி இணைப்பு வழியாக அப்போது உள்ளே போய் அதை முடக்கலாம்.

புரொசீஜருக்குள் இருந்துகொண்டே 'என்னைக் கூப்பிட்டது யார்' என்று கேட்க முடியாதா?

எஸ்கியூஎல் சர்வரில் அதற்கு நேரான ஒரு ஃபங்ஷன் இல்லை. @@ப்ராக்ஐடி தன் ஐடியைத்தான் சொல்லும், கூப்பிட்டவருடையதை அல்ல. ட்ரிகர்_நெஸ்ட்லெவல் ஃபங்ஷன் ஓரளவு உதவும். அழைப்புச் சங்கிலியில் எத்தனை ட்ரிகர்கள் இருக்கின்றன என்று அது சொல்லும். 0 வந்தால் ட்ரிகர் இல்லை. 1 அல்லது அதற்கு மேல் என்றால் ஏதோ ஒரு ட்ரிகர் பின்னால் இருக்கிறது. எது என்று சொல்லாது.

ட்ரிகரை மாற்றும் உரிமை உங்களுக்கு இருந்தால், எஸ்பி_செட்_செஷன்_கான்டெக்ஸ்ட் கொண்டு தன் பெயரை அதில் எழுதச் செய்து, புரொசீஜரில் படித்துக்கொள்ளலாம். 2016 பதிப்பிலிருந்து இது முடியும். ஆனால் தெரிந்த ட்ரிகர்களில்தான் இதை எழுத முடியும். நாம் தேடுவதோ தெரியாததை.

தெரியாததைப் பிடிக்க, சர்வரில் நடப்பவற்றை ஓடும்போதே பதிவு செய்யும் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ்தான் சரியான கருவி. எஸ்பி_ஸ்டேட்மென்ட்_ஸ்டார்ட்டிங் என்ற நிகழ்வை எடுத்து, ஆப்ஜெக்ட்_ஐடி உங்கள் புரொசீஜருடையதாக இருந்தால் மட்டும் என்று வடிகட்டி, டிஎஸ்கியூஎல்_ஸ்டாக் என்ற ஆக்‌ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவிலும் அழைப்பு அடுக்கு முழுதாக வரும். மேல் அடுக்கு புரொசீஜர், அதற்கடுத்தது அதைக் கூப்பிட்டது. அடுக்கில் இருக்கும் ஹேண்டிலை (அந்தக் கட்டளையைச் சுட்டும் அடையாளம்) சிஸ்.டிஎம்_எக்ஸெக்_எஸ்கியூஎல்_டெக்ஸ்ட்டிடம் கொடுத்தால் ஆப்ஜெக்ட் ஐடி கிடைத்துவிடும். சர்வரின் நினைவகக் கேஷிலிருந்து அந்தக் கட்டளையின் எக்ஸிகியூஷன் பிளான் வெளியேறிவிட்டால் ஹேண்டிலால் பயனில்லை, எனவே ஆற அமரப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சரத்துக்குள் ஒளிந்தது, என்க்ரிப்ட் ஆனது, சிஎல்ஆர் எதுவானாலும் புரொசீஜர் ஓடினால் ஒரு பதிவு விழும்.

புரொசீஜருக்குள்ளேயே ஒரு லாக் டேபிளில் எழுதி வைப்போம் என்று சிலர் நினைப்பதுண்டு. டிரான்சாக்‌ஷன் ரத்தானால் லாக் வரியும் சேர்ந்து போய்விடும். பிழை வரும் தருணத்தின் சாட்சிதான் நமக்கு வேண்டும். அதுவே காணாமல் போகும்.

ஓட்டச் சோதனைக்கு எவ்வளவு நாள் விடுவது என்றும் யோசிக்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும், அல்லது மார்ச் 31 கணக்கு முடிப்பில் மட்டும் ஓடும் வேலைகள் உண்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டு 'யாரும் கூப்பிடவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

ஆரக்கிளில் எப்படி?

ஆரக்கிளில் இந்த வேலை எளிது. ஆல்_டிபென்டன்சிஸ் வியூவில் டைப் 'ட்ரிகர்', ரெஃபரன்ஸ்டு_நேம் உங்கள் புரொசீஜர் என்று கேட்டால் போதும். இயல்பாகப் பெயர்கள் பெரிய எழுத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சரத்தைக் கட்டளையாக ஓட்டும் எக்ஸிகியூட் இமீடியட்டுக்குள் இருக்கும் அழைப்பு இங்கேயும் வராது.

புரொசீஜர் ஒரு பேக்கேஜுக்குள் (பல புரொசீஜர்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) இருந்தால், எந்தப் பேக்கேஜ் என்பதோடு இந்த வியூ நின்றுவிடும். அதற்குள் எந்த புரொசீஜர் என்று சொல்லாது. அந்த இடத்தில் ஆல்_சோர்ஸில் உரைத் தேடல் செய்யலாம். இல்லாவிட்டால் 11ஜி பதிப்பில் வந்த பிஎல்/ஸ்கோப்பை (கோடில் எந்தப் பெயர் எங்கே பயன்படுகிறது என்று பதியும் வசதி) இயக்கி, ட்ரிகர்களை மறுபடி கம்பைல் செய்து, ஆல்_ஐடென்டிஃபையர்ஸில் 'கால்' வகைப் பயன்பாட்டைப் பார்க்கலாம். ஆல்_ட்ரிகர்ஸில் ட்ரிகர்_பாடி என்ற பத்தி இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள். அது லாங் வகை, லைக் போட விடாது.

கூப்பிட்டது யார் என்ற கேள்விக்கு ஆரக்கிளிடம் நேரடியாகவே பதில் உண்டு. 12சி பதிப்பிலிருந்து யுடிஎல்_கால்_ஸ்டாக் என்ற பேக்கேஜ் அழைப்பு அடுக்கை வரிசையாகத் தரும். புரொசீஜரின் பாராமீட்டரை மாற்றினால், அதைச் சார்ந்த ட்ரிகர் இன்வேலிட் ஆகும். அடுத்த முறை டேபிளில் எழுதும்போது அது தானாகக் கம்பைல் ஆகப் பார்க்கும். முடியாவிட்டால் ஓஆர்ஏ-04098 வந்து அந்த டேபிளில் எழுதுவதே நின்றுவிடும். மாற்றம் செய்தவுடன் இன்வேலிட் ஆன ட்ரிகர்களைக் கேட்டுப் பார்த்தால், பயனர்கள் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். எஸ்கியூஎல் சர்வரில் இந்த வசதி இல்லை. அங்கே பாராமீட்டர் பொருந்துகிறதா என்பது ஓடும்போதுதான் சரிபார்க்கப்படும்.

போஸ்ட்கிரெஸ்?

அங்கே ட்ரிகருக்குத் தனி உடல் கிடையாது. ஒவ்வொரு ட்ரிகரும் ஒரு ட்ரிகர் ஃபங்ஷனைச் சுட்டும், அவ்வளவுதான். ஆகவே தேடல் இரண்டு படி. முதலில் பிஜி_ப்ராக்கின் ப்ரோஎஸ்ஆர்சி பத்தியில் உங்கள் புரொசீஜரின் பெயரைத் தேடி, அது இருக்கும் ஃபங்ஷன்களை எடுங்கள். பிறகு பிஜி_ட்ரிகரில் டிஜிஎஃப்ஓஐடி அந்த ஃபங்ஷனாக உள்ள வரிகளை எடுத்தால் ட்ரிகரும் டேபிளும் கிடைக்கும். ஒரே ஃபங்ஷனைப் பத்து டேபிள்கள் பகிர்ந்துகொள்வது சாதாரணம். வெளிச்சாவிக்காக (ஃபாரின் கீ) சர்வரே உருவாக்கிய ட்ரிகர்களை டிஜிஇஸ்இன்டர்னல் பத்தியைக் கொண்டு விலக்கிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸின் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் மொழியில் எழுதிய உடல் வெறும் உரையாகச் சேமிக்கப்படுவதால், சார்புகளைப் பதியும் பிஜி_டிபென்டில் இந்த உறவு இருக்காது. உரைத் தேடலை நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க முடியும் என்பதால் லைக்கைவிடத் துல்லியமாக வரும். பிஎல்பிஜிஎஸ்கியூஎல்_செக் என்ற நீட்சியை நிறுவினால், ஒரு ஃபங்ஷன் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று அதுவே பட்டியலிடும். ஓடும்போது பார்க்க, கெட் டயக்னாஸ்டிக்ஸில் பிஜி_கான்டெக்ஸ்ட் கேட்டால் அழைப்பு அடுக்கு வந்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லில் டிபென்டன்சி வியூவே இல்லையே?

புரொசீஜரை யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும் வியூ இல்லை என்பது உண்மைதான். இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ட்ரிகர்ஸில் ஆக்‌ஷன்_ஸ்டேட்மென்ட் பத்தியில் உரையைத் தேட வேண்டும். அந்த டேபிளின் மேல் ட்ரிகர் அனுமதி இருந்தால்தான் வரி தெரியும். ஆனாலும் இங்கே உரைத் தேடலை மற்ற இடங்களைவிட அதிகமாக நம்பலாம். காரணம், மைஎஸ்கியூஎல் ட்ரிகருக்குள் ப்ரிப்பேர், எக்ஸிகியூட் கொண்டு சரத்தைக் கட்டளையாக ஓட்ட அனுமதியில்லை. ட்ரிகரிலிருந்து கூப்பிடப்படும் புரொசீஜருக்கும் அதே தடை உண்டு. பெயர் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். டேட்டாபேஸின் நகலை எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் இயல்பாக ட்ரிகர்களை எடுத்துவிடும், புரொசீஜர்களை எடுக்காது. ரொட்டீன்ஸ் என்ற தேர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை மறந்து வேறு சர்வரில் ஏற்றினால், ட்ரிகர் இருக்கும், அது கூப்பிடும் புரொசீஜர் இருக்காது. டேபிளில் முதல் வரி எழுதும்போது 1305 என்ற பிழை வரும்.

புரொசீஜரின் பெயரை மாற்ற எஸ்பி_ரீநேம் போதுமா?

ட்ரிகருக்குள் இருக்கும் அழைப்பு பழைய பெயரிலேயே நிற்கும், ஓடும்போது 2812 பிழை வரும். புரொசீஜரின் சொந்த உரையிலும், சிஸ்.எஸ்கியூஎல்_மாட்யூல்ஸில், பழைய பெயர்தான் இருக்கும். பிறகு தேடுகிறவர்களுக்கு இது பெரிய குழப்பம். புதிய பெயரில் ஒன்றை உருவாக்கி, பழைய பெயரில் இருப்பதை அதைக் கூப்பிடும் ஒரு வரியாக மாற்றிவிட்டு, கூப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராக நகர்த்துவதே நல்லது.

எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று. பாராமீட்டரை எப்படிச் சேர்ப்பது?

பட்டியலின் கடைசியில், ஒரு இயல்பு மதிப்போடு சேருங்கள். பழைய முறையில் கூப்பிடும் ட்ரிகர் அப்போதும் ஓடும். ட்ரிகர்களை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு, தேவையென்றால் இயல்பு மதிப்பை எடுத்துவிடலாம்.

சோதிக்கும்போது ட்ரிகர் உண்மையிலேயே ஓடியதா என்று பாருங்கள். பல்க் இன்சர்ட், ஃபயர்_ட்ரிகர்ஸ் என்று சொல்லாவிட்டால் ட்ரிகரை ஓட்டாது. டிரன்கேட் செய்தால் டெலிட் ட்ரிகர் ஓடாது. ஒரே கட்டளையில் பல வரிகளை மாற்றியும் சோதியுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் ட்ரிகர் கட்டளைக்கு ஒரு முறைதான் ஓடும். மாறிய வரிகளை ட்ரிகருக்குக் காட்டும் இன்சர்ட்டட், டெலிட்டட் டேபிள்கள், கூப்பிடப்பட்ட புரொசீஜருக்குத் தெரியாது. அதனால் ட்ரிகர் எழுதியவர் கர்சர் (வரிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் முறை) வைத்து வரிக்கு ஒரு முறை புரொசீஜரைக் கூப்பிட்டிருப்பார், அல்லது தற்காலிக டேபிளில் கொட்டிக் கொடுத்திருப்பார். முதல் வகையானால் ஐநூறு வரிகளுக்கு ஐநூறு அழைப்பு. உங்கள் மாற்றம் புரொசீஜரைக் கொஞ்சம் மெதுவாக்கினாலும் அங்கே அது பெருகித் தெரியும். இரண்டாம் வகையானால் அந்தத் தற்காலிக டேபிளின் பத்திகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முடக்கி வைத்திருக்கும் ட்ரிகரையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். ஆல்டர் டேபிளில் எனேபிள் ட்ரிகர் ஆல் என்று யாராவது ஒருவர் ஒரு வரி ஓட்டினால் அந்த டேபிளின் எல்லா ட்ரிகர்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். அது ஒரு திங்கட்கிழமை காலையாக, பில் போட வரிசை நிற்கும் நேரமாக இருக்கலாம். முடக்கப்பட்ட ட்ரிகர் இனித் தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், உரையை எடுத்து வைத்துக்கொண்டு டிராப் செய்துவிடுங்கள். தேவைப்படலாம் என்றால், ஓடும் ட்ரிகர்களோடு அதையும் சேர்த்து அதே நாளில் மாற்றுங்கள்.